‘100% ஆர்கானிக், கெமிக்கல் ஃப்ரீ’ என்று டேக்கில் போட்டேன், இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு 2021-ல் பெண்கள், குழந்தைகளுக்கான பருத்தி உடை பிராண்ட் தொடங்கியவர். நூல் ஒரு ஆர்கானிக் மில்லிலிருந்து வருகிறது, தையல் திருப்பூரில் ஐந்து டெய்லர்கள் உள்ள ஒரு பவர் டேபிள் யூனிட்டில் (மின் மெஷினில் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பட்டறையில்) நடக்கிறது. விற்பனை பெரும்பாலும் இணையத்தில், கொஞ்சம் சரக்கு பெங்களூரில் ஒரு பூட்டிக்குக்கும் போகிறது. போன மாதம் மூன்று அடி ஒன்றாக விழுந்திருக்கிறது. ‘டேக்கில் எழுதியதற்கு ஆதாரம் காட்டுங்கள், 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்’ என்று ஒரு வாடிக்கையாளர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தீபாவளி ஆர்டரில் ஒரு பகுதியை யூனிட்காரர் இவருக்குச் சொல்லாமல் வேறொரு வீட்டு மாடியில் தைக்கக் கொடுத்ததையும், அங்கே பெண்கள் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தும் அதற்குத் தனிக் கூலி கிடைக்காததையும் அங்கே வேலை பார்த்த ஒரு அக்கா போனில் சொல்லியிருக்கிறார். பூட்டிக்கோ 4.2 லட்சம் ரூபாயை எட்டு மாதமாக இழுத்தடிக்கிறது. ‘நான் பொய் சொல்லிவிட்டேனா? ஜெயிலுக்குப் போவேனா? அந்த யூனிட்டை உடனே நிறுத்திவிட்டு, நடந்ததை இன்ஸ்டாகிராமில் பெயரோடு போட்டுவிடலாமா? கணவர் கடையை மூடச் சொல்கிறார்’ என்று கேட்கிறார். டேக், மில்லின் சான்றிதழ், தீபாவளி ஆர்டர் ஷீட் மூன்றையும் படமெடுத்து இணைத்திருந்தார், அது பெரிய உதவியாக இருந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெயில் பயத்தை முதலில் எடுத்துப்போடுவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் பொய்யான விளம்பரத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு இருப்பது உண்மைதான், நோட்டீஸ் எழுதிய வக்கீல் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார். ஆனால் நீங்கள் அனுப்பியதைப் பார்த்தால், தெரிந்தே ஏமாற்றிய ஆள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கையிலெடுத்தால் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் அளவிலான தொழிலுக்கு 10 லட்சமே கழுத்தை நெரிக்கும் தொகை. அதனால் பயப்பட வேண்டாம் என்று சொல்வேனே தவிர, அலட்சியமாக இருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

டேக்கைப் பற்றி

உங்கள் டேக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, ஒரு தீப்பெட்டி அளவு இடம், அதில் ஐந்து வாக்குறுதிகள்: 100% ஆர்கானிக், காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரம்) சான்று, கெமிக்கல் ஃப்ரீ, நியாயக் கூலி, பூமிக்கு நல்லது. இந்த ஐந்தில் இன்று நீங்கள் காகிதத்தோடு நிரூபிக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை. கசப்பாக இருக்கும், ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மில் அனுப்பிய பிடிஎஃப் கையில் இருந்ததால் காட்ஸ் லோகோவைப் போட்டேன் என்கிறீர்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. அந்த பிடிஎஃப் ஸ்கோப் சர்டிபிகேட். ‘இந்த மில் காட்ஸ் தரத்தில் நூல் தயாரிக்கத் தகுதியுள்ளது’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. உங்களுக்கு வந்த நூல் அந்த வகை நூல்தானா என்பதை ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வரும் டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட்தான் சொல்லும், அது உங்களிடம் இல்லை. போதாக்குறைக்கு, நீங்கள் அனுப்பிய சான்றின் காலாவதித் தேதி, டேக்கில் அச்சாகியிருக்கும் மாதத்துக்கு முந்தையது. இவை இரண்டும் சரியாக இருந்தாலும் லோகோ போட முடியாது. நூலில் தொடங்கி நிட்டிங், சாயம், தையல் வரை ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்ற இடத்தில் நடந்தால்தான் முடிந்த உடையில் அந்த லோகோ வரலாம். ஐந்து மெஷின் யூனிட்டுக்கு அந்தச் சான்று இல்லை, அங்கே சங்கிலி அறுந்துவிடுகிறது.

‘ஆர்கானிக் நூலில் யார் ஏமாற்றப் போகிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். 2020-ல் காட்ஸ் அமைப்பே இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலி டிரான்ஸாக்‌ஷன் சான்றுகள் உலவியதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது. பெரிய பெரிய வெளிநாட்டு பிராண்டுகள் வாங்கும் சந்தை இது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிடிஎஃபை நம்பி உங்கள் பெயரை அடகு வைக்கக் கூடாது.

‘கெமிக்கல் ஃப்ரீ’ என்ற சொல்லை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் மஞ்சள், இளஞ்சிவப்பு ரகங்கள் இயற்கைச் சாயம், சரி, அதிலும் நிறம் பிடிக்கப் படிகாரம் போட்டிருக்கிறீர்கள், படிகாரமும் ரசாயனம்தான். கறுப்பும் நேவி ப்ளூவும் ரியாக்டிவ் சாயம், அதாவது செயற்கை ரசாயனச் சாயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரியாக்டிவ் சாயம் போட்டது குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு மேல் ‘கெமிக்கல் ஃப்ரீ’ டேக் தொங்கவிட்டதுதான் பிரச்சினை. நான் இந்தப் பக்கத்துக்காரி. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்து வளர்ந்தவள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்பது இங்கே நிஜமான கட்டாயமானது. ஆகவே உங்கள் சாய ஆலை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டு வாங்கி அதை எழுதுங்கள். ‘பூமிக்கு நல்லது’ என்பதைவிட அந்த ஒரு வரி இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு ஆயிரம் மடங்கு மேல்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு (கிரீன்வாஷிங், அதாவது இல்லாத சூழல் நன்மையைச் சொல்லிக்கொள்ளும்) விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. ‘இயற்கையானது’, ‘ஆர்கானிக்’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களைச் சும்மா போடக் கூடாது, எந்தப் பகுதிக்கு, எந்த அளவுக்கு, என்ன ஆதாரத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். விவரம் முழுவதையும் டேக்கில் திணிக்கத் தேவையில்லை, கியூஆர் கோடு வழியாகவும் தரலாம். அதனால் உங்கள் டேக் இப்படி மாறலாம்: ‘துணி: பருத்தி. சாயம்: ரியாக்டிவ், கழிவுநீர் சுத்திகரிக்கும் ஆலையில். தைத்த இடம்: திருப்பூர். மற்ற விவரங்களுக்கு கியூஆர் கோடைப் பாருங்கள்.’ டிரான்ஸாக்‌ஷன் சான்று கைக்கு வந்த சரக்குக்கு மட்டும் ‘ஆர்கானிக் சான்று பெற்ற நூல்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் லோகோ வேண்டாம். கவர்ச்சி குறையுமே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் டேக்கை நான் கடையில் பார்த்ததே இல்லை.

நோட்டீஸுக்குப் பதில்: கெடு முடியும் முன் ஒரு வக்கீல் மூலம் அனுப்புங்கள். லோகோவும் ‘கெமிக்கல் ஃப்ரீ’யும் தவறான புரிதலில் அச்சிடப்பட்டன, இந்தத் தேதியோடு நிறுத்திவிட்டோம், இருப்பில் உள்ள டேக்குகளை எடுத்துவிட்டோம், பொருளைத் திருப்பித் தந்தால் முழுப் பணமும் தருகிறோம் என்று எழுதுங்கள். எழுதிய தேதிக்குள் அதையெல்லாம் செய்தும் முடித்திருக்க வேண்டும். பழைய பதிவுகளைத் திருத்தும் முன் அவற்றை அப்படியே படமெடுத்து வையுங்கள், பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் அழித்தால் மறைக்கப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

அந்த மாடி வீட்டைப் பற்றி

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ‘என் நம்பிக்கைக்குத் துரோகம் செய்துவிட்டார்’ என்று யூனிட்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்லாமல் வெளியே கொடுத்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் இணைத்த ஆர்டர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து பாருங்கள், நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஒரு குர்த்திக்குத் தையல் ரேட் 38 ரூபாய், சராசரியாக 35 நிமிடம் ஆகும் என்று குறித்திருக்கிறீர்கள். எட்டு மணி நேரம் மூச்சுவிடாமல் தைத்தால் 13 பீஸ். நூல் அறும், ஊசி உடையும், கட்டிங் வர லேட்டாகும், பத்து பீஸ் முடிந்தால் அது நல்ல நாள். பத்துக்கு 380 ரூபாய். இந்த 380-லிருந்துதான் யூனிட் வாடகை, கரண்ட் பில், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி ஆளின் சம்பளம், செக்கிங், யூனிட்காரர் வீட்டுச் செலவு, எல்லாம் போக மிச்சத்தில் டெய்லர் கூலி. திருப்பூரில் இன்றைக்கு ஒரு ஷிப்டுக்கு டெய்லர் என்ன வாங்குகிறார் என்று பேக்கரி வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் ரேட்டில் யாராலும் நியாயக் கூலி தர முடியாது, நல்ல மனிதராக இருந்தாலும் முடியாது.

இப்போது தேதி. 600 பீஸ், 12 நாள். ஐந்து டெய்லர், ஆளுக்குப் பத்து, அதாவது நாளுக்கு 50, பன்னிரண்டாம் நாள் மாலை சரியாக 600. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலே இழுக்கும் கணக்கு. அதில் ‘கழுத்து பேட்டர்னை மாற்றுகிறேன், கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று அனுப்பி மூன்று நாள் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், ஆனால் டெலிவரி தேதியை மாற்றவில்லை. மிச்சம் ஒன்பது நாளில் அந்த யூனிட்டால் முடிந்தது 450 பீஸ். 150 பீஸ் எங்கே தைக்கப்படும் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் அவர் மாடி வீட்டைத் தேடிப் போனார். அந்த ஒன்றரை ஷிப்டுக்கான காரணத்தில் ஒரு பாதி உங்கள் ஆர்டர் ஷீட்டிலேயே எழுதியிருக்கிறது.

உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கையில் இருப்பதைத்தானே நம்மால் சரிசெய்ய முடியும்? குர்த்தி 1,850 ரூபாய்க்கு விற்கிறது. தையல் ரேட்டை 38-லிருந்து 75 ஆக்கினால் கூடுதலாக ஆவது 37 ரூபாய், விலையில் வெறும் 2%. பூட்டிக்குக்கு நீங்கள் விட்டுத்தருவதோ 40%. பணம் எங்கே போகிறது என்பதைக் கணவரோடு உட்கார்ந்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது: அங்கே பி.எஃப். இல்லை என்று அதிர்ந்திருக்கிறீர்கள். பி.எஃப். கட்டாயமாவது 20 பேர் இருந்தால், இ.எஸ்.ஐ. 10 பேர் இருந்தால். ஐந்தாறு பேர் உள்ள யூனிட்டில் அது இல்லாதது மட்டும் சட்டமீறல் ஆகாது. ஆனால் குறைந்தபட்சக் கூலிக்கும் அதிக நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலிக்கும் அப்படித் தலை எண்ணிக்கை கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதுதான் நிலை, பீஸ் ரேட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இதற்கு முதல் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு, அதாவது யூனிட்காரருக்கோ மாடி வீட்டுக்காரருக்கோ. நீங்கள் ஜாப் ஒர்க் கொடுத்த பிராண்ட் மட்டுமே என்றால் பொதுவாக உங்கள் மேல் நேரடியாக வராது. ஆனால் உங்கள் ஆள் தினமும் அங்கே நின்று வேலை வாங்கினால் அந்தக் கோடு மங்கத் தொடங்கும். அப்புறம் டேக்கில் ‘நியாயக் கூலி’ என்று போட்டது நீங்கள்தான், அதற்கு நீங்கள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

யூனிட்டை உடனே நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த நாள் வேலையிழப்பது அந்த ஐந்து டெய்லர்கள், உங்களுக்கு போன் செய்த அக்காவுக்கும் யாரும் மெஷின் தர மாட்டார்கள். நீங்கள் போகும் அடுத்த யூனிட்டிலும் அதே 38 ரூபாய், அதே 12 நாள் என்றால் அதே மாடி வீடுதான் வரும். பெயரோடு இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். அவதூறு வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், ‘யார் சொன்னது’ என்று அந்தப் பெண்களுக்குள் தேடத் தொடங்குவார்கள். அவர்களில் இருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்கள், இந்த ஊரில் அவர்களுக்கென்று யார் இருக்கிறார்கள்?

நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். புது ரேட்டையும் நிமிடக் கணக்கையும் நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். பதிலுக்கு இவற்றைக் கேளுங்கள், இரண்டு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது; வாரச் சம்பள நோட்டை நீங்கள் பார்க்கலாம்; அதிக நேர வேலை என்றால் முன்கூட்டித் தகவல், இரட்டிப்புக் கூலி; நீங்கள் பேட்டர்னை மாற்றினால் டெலிவரி தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். இந்தக் கடைசி வரி உங்களைக் கட்டுப்படுத்துவது, அதைப் பார்த்தால்தான் மற்றவற்றை அவர் நம்புவார். மூன்று மாதம் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால், எடுத்த சரக்குக்குப் பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டு, ஒரு மாத அவகாசம் தந்து விலகுங்கள். மாடி வீட்டில் உழைத்தவர்களின் நிலுவைக் கூலியை மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க விடாதீர்கள். யூனிட்காரர் தரத் தயங்கினால் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டாவது முடித்துவிடுங்கள், சட்டம் அப்படிக் கேட்காவிட்டாலும் சரி.

பூட்டிக் பாக்கி

சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்ற வாங்குபவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நிலுவைப் புகார்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் பதிந்தால், இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்கு (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) போகும். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். சரக்கு அனுப்பிய நாளில் உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா, அதுவும் உற்பத்தியாளராகவா, வெறும் வியாபாரியாகவா? எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் நூல் அதுதான். இரண்டாவது, ‘விற்றால் பணம், இல்லாவிட்டால் ரிட்டர்ன்’ என்ற பேச்சில் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் எது விற்றது, எது இருக்கிறது என்ற கணக்கை முதலில் மெயிலில் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் 45 நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே வாதம் போய்விடும். மன்றம் ஒத்துவராவிட்டால் வணிக வழக்குக்கு முந்தைய சமரசம் என்று ஒரு வழி உண்டு, மூன்று ஆண்டுக் காலவரம்பு முடியும் வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதே சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ‘பூட்டிக் தராததால் யூனிட்டுக்கு 75 நாள் ஆகிவிடுகிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவரும் உத்யமில் பதிந்திருந்தால் 15 அல்லது 45 நாள் கெடுவுக்குப் பிறகு அதே மூன்று மடங்கு வட்டி உங்கள் தலையில். வருமான வரியிலும், கெடு தாண்டி மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 43பி(எச்) பிரிவு. பூட்டிக் தருகிறதோ இல்லையோ, தையல் கூலி மட்டும் தேதி தவறக் கூடாது.

டிசைன் காப்பி, விலை

ஒரு பெரிய விற்பனையாளர் உங்கள் பிரிண்டை அப்படியே போட்டுவிட்டார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமை (காப்பிரைட்) தானாக இருக்கிறதே என்பது உங்கள் நம்பிக்கை. டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒரு வடிவத்தைப் பதியாமல் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த வடிவத்தில் காப்புரிமை போய்விடும், நீங்கள் 600 போட்டாயிற்று. இனிமேல் முக்கியமான டிசைன்களை இன்ஸ்டாகிராமில் காட்டும் முன் பதிவு செய்யுங்கள், காட்டிய பிறகு புதுமை போய்விடும். பிராண்ட் பெயரை உடைகளுக்கான 25-ம் வகுப்பில் டிரேட்மார்க் பதியுங்கள், தனிநபர், சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய்தான்.

தையல் ரேட் ஏறினால் விலையும் கொஞ்சம் ஏறும். ஏற்றும்போது 2,500 ரூபாயை மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவரைக்கும் ஜிஎஸ்டி 5%, ஒரு ரூபாய் தாண்டினாலும் 18%. உங்கள் நீளமான கவுன் 2,650-ல் நிற்கிறது, அது வரி சேர்த்த விலை என்றால், வரியோடு 2,490-க்குக் கொண்டுவந்தால் வரி போக உங்களுக்கு நிற்பது குறையாது, கூடத்தான் செய்யும்.

கடையை மூடுவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லத் தேவையில்லை. புது ரேட்டில், புது டேக்கோடு, இரண்டு சீசன் கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களும் கணவரும் முடிவு செய்யுங்கள். கடிதத்தில் உள்ள தேதிப்படி நோட்டீஸுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நாளைக்கே ஒரு வக்கீலைப் பார்த்துப் பதிலைத் தயார் செய்யுங்கள், டேக்குகளை இன்று இரவே கழற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு லீவு, அன்றைக்கு அவர் வீட்டுக்கே போய்ப் பேசிவிடுங்கள், ஆர்டர் ஷீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.